ஜமீன் கடித்த ஏழு பேர்

ஜூன் 3, திங்கள்

உரக்கடையில் தை மாதமே கொடுத்த டைரி இது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. எழுதும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். இன்று நடந்துவிட்டது. சங்கரன்கோவிலில் நாய்களுக்கு உத்தியோகம் வந்திருக்கிறது.

டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கால்நடை டாக்டர் ஜெபராணி என்று ஒரு பெண். அவரும் நாலைந்து பேரும் சேர்ந்து, புதன்கிழமைதோறும் தங்கள் நாய்களைப் புளியங்குடி ரோட்டில் இருக்கும் மறுவாழ்வு இல்லத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். பக்கவாதம் வந்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள், மனசு விட்டுப்போனவர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். நாய் போய் மடியில் தலையை வைக்கும். தடவிக் கொடுக்கத் தோன்றும். தடவினால் மரத்த கையும் அசையும், மூடிய வாயும் திறக்கும். சம்பளம் கிடையாது, எல்லாம் தொண்டு. தகுதியான நாய்கள் வரலாம் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் டீக்கடையே திரும்பி என்னைத்தான் பார்த்தது.

என் நாய் ஜமீன் சுத்தமான சிப்பிப்பாறை ஜாதி. வேட்டைக்குப் போன பரம்பரை. சிப்பிப்பாறை என்றால் இடுப்பு ஒட்டி, கால் நீண்டு இருக்க வேண்டும் என்று சில அரைகுறைகள் சொல்வார்கள். ஜமீனுக்கு இடுப்பு இல்லாததற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சாப்பாடு. கால் குட்டையாகத் தெரிவதும் அந்த வயிற்றால்தான்.

"உங்க அத்தானும் அந்த இல்லத்துலதான படுத்திருக்காக?" என்று என் மனைவி செண்பகவடிவு கேட்டாள்.

இருக்கலாம். நான் என்ன கண்டேன். என் அக்கா ஆவுடையின் வீட்டுக்காரர் திருமலைக்கொழுந்து, ஓய்வு பெற்ற சர்வேயர். மாசியில் பக்கவாதம் வந்தது. காலும் கையும் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. மூன்று மாதமாக ஒரு சொல் கிடையாது. முயற்சி செய்தால் வரும், ஆனால் முதல் ஆறு மாதத்தை விட்டால் கஷ்டம் என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டாராம். அத்தானோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம். இதெல்லாம் தெருவில் பேசிக்கொண்டது.

எனக்கும் அவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அவர் மகள் வளைகாப்பில், ஜமீன் திருடனைக் கவ்விப் பிடித்த வரலாற்றை நான் சம்பந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பந்தி நடுவில் அத்தான் எழுந்து, கவ்வவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு திருடனை பஸ் ஸ்டாண்டுவரை வழியனுப்பிவிட்டு வந்தது என்றார். முந்நூறு பேர் சிரித்தார்கள். நான் கை நனைக்காமல் இலையிலிருந்து எழுந்து வந்தேன். அன்றோடு சரி.

அவருக்கு முடியாமல் போனதும் அக்காவுக்கு போன் போட்டேன். "ஏல பால்வண்ணம், நீ மட்டும் இங்க வந்துராத. உன்னப் பாத்தா அவுகளுக்கு பிரஷர் ஏறிரும்," என்றாள்.

ஆகையால் நான் போகவில்லை. ஜமீன் போகிறான். அவனுக்குத் துணையாகத்தான் நான். அங்கே யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. எட்டாம் நம்பர் கட்டில், ஜன்னல் ஓரம்.

ஜூன் 5, புதன்

டாக்டரம்மா ஜமீனுக்குப் பரீட்சை வைத்தார். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். ஜமீன் ஒரு காதைத் தூக்கினான், தட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இறக்கிவிட்டான். வாலைப் பிடித்து இழுத்தார். கொட்டாவி விட்டான். சக்கர நாற்காலியை உரசினாற்போல் ஓட்டினார்கள். ஏறிப் படுக்கலாமா என்று பார்த்தான். டாக்டரம்மாவின் சொந்த நாய் பஞ்சு, வெளிநாட்டு ஜாதி, இதெல்லாம் தேற இரண்டு மாதம் எடுத்ததாம்.

"சார், இவ்வளவு சாந்தமான நாயை நான் பாத்ததே இல்ல," என்றார்.

சாந்தம். எங்கள் பக்கத்தில் ஒருவனிடம் உன் நாய் சாந்தம் என்பது, உன் மீசை ஒட்டு மீசையா என்று கேட்பது மாதிரி. முப்பத்தொரு வருஷம் சங்கரன்கோவில் - திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். அவமானத்தைப் பொறுத்துப் பழக்கம் உண்டு. பொறுத்தேன்.

பிறகு விண்ணப்பப் பாரம் நிரப்பினார். ஊசி போட்டாயிற்றா, போட்டாயிற்று. வயது, ஆறு. கடைசிக் கேள்வி, இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா.

ஏழு பேர் என்றேன். பெயர், தெரு, வலது கெண்டைக்காலா இடது கெண்டைக்காலா என்பது உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டரம்மா மூன்று பெயர் எழுதியதும் பேனாவை மூடிவிட்டார். கடித்த நாயை நோயாளிகள் பக்கத்தில் விட முடியாதாம்.

தேறிய பரீட்சையில் இப்படி ஒருவன் தோற்றதைச் சரித்திரம் கண்டிருக்காது.

ஜூன் 6, வியாழன்

ஜமீனிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டான்.

ஜூன் 9, ஞாயிறு

கணக்கில் சிறு பிசகு இருக்கலாம் என்று டாக்டரம்மாவிடம் மறுபடி போய்ச் சொன்னேன். எவ்வளவு பிசகு என்றார். ஏழு என்றேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். அந்த ஏழு பேரும் இந்த நாய் தங்களைக் கடிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம்.

இதைவிடச் சுலபமான வேலை உண்டா. கடிக்காதவனைக் கடிக்கவில்லை என்று எழுதச் சொல்வதுதானே.

முதலில் டெய்லர் மந்திரமூர்த்தி. காகிதத்தைப் பார்த்ததும் வேட்டியை முட்டிவரை தூக்கிவிட்டார். கெண்டைக்காலில் பெரிய தழும்பு. அது என் பைக் சைலன்சர் சுட்டது. வண்டி ஓட்டியவனே நான்தான். இரண்டு பேரும் புளியங்குடிக்கு சினிமா பார்க்கப் போயிருந்தோம். அவர் வீட்டில் மட்டும் கடையில் இருந்ததாகச் சொல்லியிருந்தார்.

"அவ உள்ளதான் இருக்கா. நாய் கடிச்சதுன்னு சொல்லி நாலு வருசமா நிம்மதியா இருக்கேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு உள்ளே கேட்கும்படி, "உங்க நாயை முதல்ல கட்டிப் போடுங்கண்ணே," என்று சத்தம் போட்டார்.

பரோட்டா மாஸ்டர் காசிப்பாண்டி தங்கமான மனுஷன். கேட்டவுடன் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் படித்தேன். 'என்னைக் கடிக்கவில்லை. நான் எகிறிக் குதித்துவிட்டேன். பின்னால் வந்தவரைத்தான் கடித்தது. பயங்கரமான நாய். இப்படிக்கு.'

ஜூன் 11, செவ்வாய்

மீதி ஐந்து பேர் விவரம். ஒருவர் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட கதையை மருமகன்களிடமெல்லாம் சொல்லிவிட்டாராம், இனிமேல் மாற்ற முடியாதாம். இன்னொருவர், ஜமீன் கடித்த ஆள் என்பதில்தான் தெருவில் தனக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதையும் பிடுங்காதே என்றார். ஒருவர் ஊரில் இல்லை. இரண்டு பேரை நான் சொன்ன தெருவில் யாருக்குமே தெரியவில்லை. வீடு மாறியிருப்பார்கள்.

சாயங்காலம் எட்டாவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து, பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று சண்டை போட்டார்.

நடந்ததைக் கேட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், இந்த நாயை வருஷக்கணக்காகப் பார்த்தவர், உங்களுக்காக ஒரு பொய்கூடச் சொல்லாத ஆள், அப்படி ஒருவர் சொன்னால் போதும் என்றார்.

கூட வந்திருந்த செண்பகவடிவு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். டாக்டரம்மா வீட்டுக் கூரையில் ஒரு ஓடு விலகியிருக்கிறது.

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டாக்டரம்மா முன்னால் போனார். நானும் ஜமீனும் பின்னால். அக்காவிடம் அவர் ஏற்கனவே பேசியிருந்தார். ஒரே ஒரு நிமிஷம், கேள்விக்குத் தலையை ஆட்டினால் போதும் என்று.

அத்தான் எப்போதும் இஸ்திரிச் சட்டை போடுவார். சட்டைப் பையில் சீவிய பென்சில் இருக்கும். இப்போது சட்டை தோளில் நிற்கவில்லை. நாலு வருஷத்தில் மனுஷன் பாதியாகிவிட்டார். ஜன்னலில் வெயில் அதிகம், எனக்குக் கண் கூசிவிட்டது. அக்காகூட ஏல கண்ணைத் துடை என்றாள். வெயில்தான்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வசனம் இதுதான்: அத்தான், நீங்க சொன்னதுதான் நிஜம். சொல்லவேண்டியது அவ்வளவுதான். ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அந்த முதுகைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அத்தான், நம்ம ஜமீன் அந்தத் திருடனைக் கவ்வி, முப்பது அடி இழுத்துட்டு வந்ததை இந்த டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க. நீங்க பாத்தியள்லா," என்றேன்.

முதுகு அசைந்தது. மெதுவாகத் திரும்பினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உதடு கோணிக்கொண்டு போயிற்று. அக்கா நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

"பு," என்றார் அத்தான். "பு... புளுகு."

அக்கா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"புளுகு," என்றார் மறுபடி. இப்போது தெளிவாக. விரல் வேறு என்னை நோக்கி நீண்டது, அதுவும் சரியாக வராத கை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அவுகளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு தம்பி என்றாள். நான் என்ன செய்ய முடியும். முப்பது அடியை ஐம்பது அடி ஆக்கினேன். மூன்றாவது தடவையும் சொன்னார்.

டாக்டரம்மா பாரத்தை எடுத்து எழுதினார்: கடித்ததாகச் சொல்வது புளுகு. சாட்சி, திருமலைக்கொழுந்து.

என்னை இத்தனை பேர் முன்னால் ஒருவர் புளுகன் என்று சொல்லி, நான் இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இரண்டாவது என்று செண்பகவடிவு சொல்கிறாள். அது வேறு கதை.

ஜூன் 13, வியாழன்

அடையாள அட்டை வந்துவிட்டது. ஜமீன், தொண்டர் எண் 6. போட்டோவில் கொட்டாவி விடுகிறான். என் அட்டையில் 'உடன் வருபவர்' என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழை.

ஜூன் 19, புதன்

முதல் நாள் வேலை. ஜமீன் கட்டில் கட்டிலாகப் போனான். இடுப்பு எலும்பு உடைந்த கழுகுமலை அம்மா, நாய் என்றாலே ஆகாது என்று காலை இழுத்துக்கொண்டார். ஜமீன் அந்தக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். கால் மணி நேரத்தில் அந்த அம்மாவே கையைத் தொங்கவிட்டுத் தேடினார். லாரி ஓட்டி அடிபட்ட ஒரு தம்பி, இரண்டு மாதமாக விரலைப் பிரிக்காதவர், பிஸ்கட் கொடுக்க விரலைப் பிரித்தார். ஜமீன் வாயில் வாங்கி, மரியாதையாகத் தின்றான். எல்லாம் நான் கொடுத்த பயிற்சி.

எட்டாம் நம்பரில் ஜமீன் அத்தான் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டான். நான் சும்மா இருக்க முடியாமல், வெள்ளத்தில் என் பஸ் மிதந்த கதையைச் சொன்னேன். நாற்பது அடி பாலம், பாலத்துக்கு மேலே தண்ணீர், நான் ஒரு கையால் நீந்தி மறு கையால் பஸ்ஸைத் தள்ளினேன்.

"பதி... பதினாலு," என்றார் அத்தான்.

"என்ன பதினாலு?"

"பாலம். பதினாலு அடி."

சர்வேயர் அல்லவா. தப்பான அளவு காதில் விழுந்தால் அவரால் படுத்திருக்க முடியாது. அதை நான் போன புதன்கிழமையே கண்டுபிடித்துவிட்டேன். இல்லத்து டாக்டர் இதைப் பேச்சுப் பயிற்சி என்கிறார். நான் அடக்கமாக இருந்துகொண்டேன்.

ஜூன் 26, புதன்

என் தாத்தாவுக்கு முந்நூறு ஏக்கர் நஞ்சை இருந்ததை இன்று விளக்கினேன்.

"மூணு ஏக்கர்," என்றார் அத்தான். மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுவும்... புறம்போக்கு."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் குளுக்கோஸ் பாட்டில் ஆடியது. இன்று மொத்தம் பத்தொன்பது சொல் என்று நர்ஸ் குறித்து வைத்தார். ஜமீன் முழு நேரமும் தூங்கினான். தொண்டில் பல வகை உண்டு.

ஜூலை 2, செவ்வாய்

வாசலில் நின்று நாளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "இதுக்குப் போயா ஒத்திகை பாக்கிய?" என்றாள் செண்பகவடிவு. ஒத்திகை இல்லை. ஞாபகத்தைத் தூசி தட்டுகிறேன். வயதாகிறது, மறந்துவிடும் என்பதால் சீட்டில் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

மணி நாலு ஆவதற்குள் சக்கர நாற்காலிகள் எல்லாம் எட்டாம் நம்பரைச் சுற்றி வந்து நின்றுவிட்டன. கழுகுமலை அம்மா முன்வரிசை. பஞ்சுவுடன் வந்த டாக்டரம்மாவும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

இன்றைக்கு யானை. நடுக்காட்டில் யானையும் குட்டியும் என் பஸ்ஸை மறித்து ஏறிக்கொண்டதையும், நான் பெரியதுக்கு முழு டிக்கெட்டும் குட்டிக்கு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்ததையும் சொன்னேன்.

"ஏல... அந்த ரூட்டுல... காடு ஏது," என்றார் அத்தான். "வேலிக்கருவை... தான் நிக்கி. யானை... பஸ் வாசல்ல... எப்படி நுழையும்? வாசல்... ரெண்டரை அடி."

எத்தனை சொல். நர்ஸ் எண்ண முடியாமல் பேனாவை வைத்துவிட்டார். நாலு வருஷத்துக்குப் பிறகு என்னை ஏல என்கிறார். அக்கா கொண்டுவந்த முறுக்கை என் கையில் திணித்தாள். தின்றேன். ஜமீனுக்கும் கொடுத்தேன்.

ஜூலை 10, புதன்

ஜமீன் நன்றாக இருக்கிறான். ஆறு கட்டில் பார்த்தான்.

எட்டாம் நம்பரில் நான் குனிந்து அவன் கழுத்துப் பட்டையைச் சரி செய்தபோது, சட்டைப் பையிலிருந்து சீட்டு கட்டில்மேல் விழுந்துவிட்டது. அத்தான் எடுத்துப் படித்தார். அதில் நான் எழுதியிருந்தது: '1. சுறா மீன். 2. ஆகாய விமானம். 3. அத்தான் கோபப்படாவிட்டால் தாத்தா நிலத்தை மறுபடி எடுக்கவும்.'

இரண்டு தடவை படித்தார். சீட்டை நாலாக மடித்துப் போர்வைமேல் வைத்தார்.

"பாவம்னு... பண்ணுதியா மாப்ள?" என்றார். "நான்... உனக்கு... நோயாளியா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜமீன் தாடையை வைத்த காலையும் இழுத்துக்கொண்டார்.

ஜூலை 11, வியாழன்

இட்லி. மத்தியானம் மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்தாள். நாலு வருஷம் கழித்து வாசல்படி ஏறியிருக்கிறாள், ஆனால் முகத்தைப் பார்த்தால் கொண்டாடத் தோன்றவில்லை. நாலு நாளாக அத்தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதற்குள் பேச்சு திரும்பாவிட்டால் அவ்வளவுதான் என்று பயப்படுகிறாள்.

"புதன்கிழமை நாயை மட்டும் கொண்டாந்து விடு. நீ வாயத் தொறக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள்.

சரி என்றேன். நான் பேசாமல் இருந்து செண்பகவடிவு பார்த்ததில்லை. மூன்று தடவை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டாள்.

வாராவாரம் அங்கே போய் முறுக்கு தின்றேன், மீசையை முறுக்கினேன். அந்த மனுஷனிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை.

ஜூலை 17, புதன்

போனேன். வாயைத் திறக்கவில்லை. கட்டில்களிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள், இன்றைக்கு என்ன கதை என்றார்கள். கும்பிட்டுவிட்டு நடந்தேன். ஜமீன் எட்டாம் நம்பருக்குக் கீழே போய்ப் படுத்தான். அத்தான் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அக்கா கால்மாட்டில்.

ஒன்பதாம் நம்பருக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். தென்காசிக்காரர், பேங்க்கில் மேனேஜராக இருந்தவர். ஜமீனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது என்ன ஜாதி? தெருநாய் மாதிரில்லா இருக்கு," என்றார்.

இந்த ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட யாரும் சும்மா வீட்டுக்குப் போனதில்லை. அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஆனால் பேச வேண்டியதை அன்றே பேசாததால் வந்த வினைதானே எல்லாம்.

"தெருநாய்தான் சார்," என்றேன். "பரோட்டாக் கடைக்குப் பின்னால கிடந்தான். யாரையும் கடிச்சதில்ல. திருடனைப் பிடிச்சான்னு நான் சொன்னதும் பொய்தான். எங்க அத்தான் சொன்னதுதான் நிஜம். அவுக நிஜத்தைச் சொன்னாகன்னு நான் நாலு வருசம் அவுககூடப் பேசல."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. கழுகுமலை அம்மாகூட மூக்கை உறிஞ்சினார்.

"இல்ல," என்று ஒரு குரல்.

அத்தான் திரும்பிக்கொண்டிருந்தார். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அக்கா பிடிக்கப் போனாள், வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

"அவன் சொல்லுததை... நம்பாதீங்க," என்றார் மேனேஜரிடம். "இது... என் உசுரைக் காப்பாத்துன நாய்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அத்தான் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜமீன் தலையில் கையை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"குத்தாலம். மெயின் அருவி. திடீர்னு... வெள்ளம். ஆர்ச்சைத் தாண்டி... தண்ணி. என்னைய... இழுத்துட்டுப் போயிட்டு. எல்லாரும்... ஓடிட்டாக. இவன்... குதிச்சான். வேட்டியை... கவ்விக்கிட்டான். கரைக்கு..." மூச்சு முட்டியது. தண்ணீர் குடித்தார். "கரைக்கு... கொண்டாந்துட்டான்."

அக்கா வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அத்தான் இதுவரை குற்றாலத்தில் தலையை நனைத்ததில்லை. சளி பிடிக்கும் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். அவர் வாழ்க்கையில் ஒரு அங்குலம் கூட்டிச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"நெசமாவா?" என்றார் மேனேஜர்.

"மாப்ளட்ட... கேளுங்க," என்றார் அத்தான். "அவன்தான... சாட்சி."

இப்போதுதான் என்னைப் பார்த்தார். வார்டே பார்த்தது. அவர் கண்ணில் ஒரு பயம் இருந்தது. பந்தி நடுவில் ஒருவன் பேசிவிட்டு, யார் எழுந்து என்ன சொல்வார்களோ என்று பார்ப்பானே, அந்தப் பயம். அது எனக்குத் தெரியாததா.

"ஆமா சார்," என்றேன். "பெரிய வெள்ளம். நான் கரையில நின்னு துண்டை வீசினேன். ஒரு முனையை நான் பிடிச்சேன், மறுமுனையை நாய் பிடிச்சுது."

"துண்டு... சிவப்புத் துண்டு," என்றார் அத்தான்.

"சிவப்புத் துண்டு," என்றேன்.

அதற்கு மேல் இரண்டு பேராலும் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் சிரிக்க, ஒரு பக்கம் மட்டும் சிரித்த வாய் மறு பக்கமும் கொஞ்சம் ஏறியது. நர்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அக்கா இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள். மூன்று இலை போட்டாள். நான் கை நனைத்தேன்.

வீட்டுக்கு வந்து மையில் எழுதி வைக்கிறேன். குற்றால வெள்ளத்தில் அத்தானை ஜமீன் காப்பாற்றியது உண்மை. அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று சாப்பிடும்போது கேட்டேன், இங்கே குறிப்பதற்காக. பன்னிரண்டே முக்கால் அடி என்றார். சர்வேயர் சொல்கிறார், அளந்துதான் சொல்லியிருப்பார்.